இரண்டாம் இடத்துக்கு ஓட்டுக் கேட்பவர்கள்



2022 மார்ச் 27 இரவு லாஸ் ஏஞ்சலிஸ் டால்பி அரங்கில் நடந்த ஆஸ்கர் விழாவை உலகம் ஓர் அறைக்காக நினைவில் வைத்திருக்கிறது. வில் ஸ்மித் மேடையேறி கிறிஸ் ராக்கின் கன்னத்தில் விட்ட அறை. அந்தக் களேபரத்தில் அமுங்கிப்போன செய்தி வேறொன்று உண்டு. 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளோடு அரங்குக்குள் வந்திருந்தது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, பாடத் தெரிந்த பெண்ணின் கதையான 'கோடா' வந்தது மூன்றே பரிந்துரைகளோடு. சிறந்த இயக்குநர் பட்டியலிலும் அது இல்லை, படத்தொகுப்புப் பட்டியலிலும் இல்லை. விழா முடிந்தபோது பன்னிரண்டுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: ஜேன் காம்பியனுக்கு இயக்குநர் விருது. மூன்றோடு வந்த படம் மூன்றையும் அள்ளிக்கொண்டு போயிற்று, சிறந்த படம் உட்பட.

"எல்லாம் லாபிங்தான் சார்" என்பது இதற்கு நம் ஊரில் உடனே கிடைக்கும் பதில். லாபிங் இல்லை என்று யாரும் சொல்லவில்லை; அதற்கும் வருவோம். ஆனால் 'கோடா'வின் வெற்றியில் பணத்தைவிடப் பெரிய பங்கு ஒரு கணக்குக்கு உண்டு. ஆஸ்கரில் பட்டியலுக்குள் நுழைய ஒரு கணக்கு, சிறந்த படமாக வெல்ல இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் ஒரு சிறு கூட்டம் வெறித்தனமாக நேசித்தால் போதும். இரண்டாவதில் நேசிப்பவர்களின் எண்ணிக்கையைப் போலவே வெறுப்பவர்களின் எண்ணிக்கையும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்கள் அதே ஆட்கள்தான்.

முதல் கணக்கைப் புரிந்துகொள்ள ஹாலிவுட் போக வேண்டாம், கோட்டைக்குப் போனால் போதும். தமிழ்நாட்டில் மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் பத்திரிகைகள் ஓர் எண்ணை அச்சிடுகின்றன: ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள். 234 பேர், ஆறு இடம். ஆறோடு ஒன்றைக் கூட்டி ஏழால் வகுத்து, வரும் எண்ணோடு ஒன்றைச் சேர்த்தால் அந்த 34. ஆஸ்கர் பரிந்துரையும் இதே சூத்திரத்தில்தான் நடக்கிறது. ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள் 19 தொழிற்பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறார்கள். நடிகர்களை நடிகர்கள் பரிந்துரைப்பார்கள், ஒளிப்பதிவாளரை ஒளிப்பதிவாளர்கள், இயக்குநரை இயக்குநர்கள். சிறந்த படத்தை மட்டும் எல்லாரும். சீட்டில் விருப்ப வரிசைப்படி பெயர்களை எழுத வேண்டும். உங்கள் முதல் விருப்பம் பட்டியலிலிருந்து விழுந்தால்தான், அல்லது தேவைக்கு மிக அதிகமாக ஓட்டு வாங்கினால்தான், உங்கள் இரண்டாவது விருப்பத்தை எண்ணுகிறவர் திரும்பிப் பார்ப்பார். ஆகவே நான்கு பேருடைய சீட்டில் இரண்டாவதாக இருப்பதைவிட ஒருவருடைய சீட்டில் முதலாவதாக இருப்பது மேல்.

2023 ஜனவரியில் ஆண்ட்ரியா ரைஸ்பரோ என்ற பிரிட்டிஷ் நடிகை இதை மெய்ப்பித்துக் காட்டினார். 'டு லெஸ்லி' என்ற அவருடைய படம் திரையரங்குகளில் வசூலித்தது ஏறத்தாழ 27,000 டாலர். பெரிய ஸ்டூடியோ இல்லை, முழுப்பக்க விளம்பரம் இல்லை. வாக்களிப்பு நெருங்கும் நேரத்தில் எட்வர்ட் நார்ட்டன், க்வினெத் பால்ட்ரோ போன்றவர்கள் சமூக வலைத்தளங்களில் அந்த நடிப்பைப் புகழ்ந்து எழுத ஆரம்பித்தார்கள். சிறந்த நடிகைக்கான ஐந்து பெயர்களில் ரைஸ்பரோவின் பெயரும் வந்தது. நடிகர் பிரிவில் அப்போது சுமார் 1,300 பேர். அத்தனை பேரும் ஓட்டுப் போட்டிருந்தால்கூட, ஆறால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் ஏறத்தாழ 218. ஓட்டுப் போடாதவர்களைக் கழித்தால் இன்னும் குறைவு. இருநூறு பேர் "இவள்தான் முதல்" என்று எழுதினால் கதை முடிந்தது. அகாடமி விசாரித்தது, பிரசாரத்தின் சில உத்திகள் சரியில்லை என்றது, பரிந்துரையை ரத்து செய்யவில்லை.

அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு ப்ரூஸ் ப்ராட்டனுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. 'அலோன் யெட் நாட் அலோன்' என்று யாருமே கேள்விப்பட்டிராத படம், அதன் தலைப்புப் பாடல், சிறந்த பாடல் பட்டியலில் திடீரென்று முளைத்தது. இசையமைத்தவர் ப்ராட்டன். இசைப் பிரிவில் அப்போது சுமார் 240 பேர்தான். அவர்களில் பலருக்கு அவரே மின்னஞ்சல் அனுப்பித் தன் பாடலைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். அகாடமியின் நிர்வாகக் குழுவில் முன்பு இருந்தவர் என்பதால் அது பதவிச் செல்வாக்காகப் பார்க்கப்பட்டது. 2014 ஜனவரியில் பரிந்துரை பறிக்கப்பட்டது. நட்சத்திரங்கள் ஊரறியப் புகழ்ந்தால் உற்சாகம், ஒரு வயதான இசைக்கலைஞர் தனியாகக் கடிதம் எழுதினால் குற்றம். விதிப்படி சரியாக இருக்கலாம், நியாயமாகத் தோன்றவில்லை.

பிரிவுகளுக்குத் தனித்தனி மனசு உண்டு. 2013இல் இயக்குநர் பிரிவு பென் அஃப்ளெக்கை விட்டுவிட்டது. அவர் இயக்கிய 'ஆர்கோ' அதே ஆண்டு சிறந்த படம் ஆனது. பிரிவில் இருக்கும் சில நூறு இயக்குநர்களின் ருசி வேறு, ஆயிரக்கணக்கான மொத்த உறுப்பினர்களின் ருசி வேறு. விடுபட்டதால் வந்த அனுதாபமே 'ஆர்கோ'வைக் கரையேற்றியது என்று சொல்வாரும் உண்டு.

இதில் மிக விசித்திரமான வழக்கு 'ஹூப் ட்ரீம்ஸ்'. சிகாகோவின் இரண்டு கறுப்பினச் சிறுவர்களின் கூடைப்பந்துக் கனவை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எடுத்த ஆவணப்படம். 1994இன் மிகச் சிறந்த படம், ஆவணப்படங்களில் மட்டுமல்ல, என்று விமர்சகர் ராஜர் ஈபர்ட் தூக்கிப் பிடித்த படம். ஆவணப்படப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பிறகுதான் தேர்வுக்குழுவின் நடைமுறை வெளியே கசிந்தது. இருட்டு அரங்கில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டார்ச். படம் போதும் என்று தோன்றினால் திரையைப் பார்த்து டார்ச்சை அடிப்பார்கள். போதுமான டார்ச்சுகள் எரிந்தால் படம் நிறுத்தப்படும். ஏறக்குறைய மூன்று மணி நேரப் படமான 'ஹூப் ட்ரீம்ஸ்' தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அணைக்கப்பட்டது. மதிப்பெண் தாள்களைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: சிலர் தங்களுக்கு வேண்டிய ஐந்து படங்களுக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு மற்ற அத்தனைக்கும் பூஜ்யம் போட்டிருந்தார்கள். சராசரி எடுக்கும் முறையில் ஒரு பூஜ்யம் பல பத்துகளைத் தின்றுவிடும். அதே படத்தைப் படத்தொகுப்பாளர்கள் தங்கள் பிரிவில் பரிந்துரைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஊர் கொதித்த பிறகு விதிகள் மாறின.

சராசரி முறை நமக்கு நெருக்கமான ஒருவருக்கும் ஒருமுறை கை கொடுத்தது. 2009இல் சிறந்த பாடல் பட்டியலில் மூன்றே பாடல்கள். அவற்றில் இரண்டு ஏ.ஆர். ரஹ்மானுடையவை, 'ஜெய் ஹோ'வும் 'ஓ சாயா'வும். வழக்கமாக ஐந்து இருக்க வேண்டிய பட்டியல் ஏன் மூன்றாகச் சுருங்கியது? அப்போது இசைப் பிரிவினர் ஒவ்வொரு பாடலும் இடம்பெற்ற காட்சித் துண்டைப் பார்த்து ஆறிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட வேண்டும். சராசரி 8.25ஐத் தொடாத பாடல் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் வெளியே. 'தி ரெஸ்லர்' படத்துக்காக ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் எழுதிப் பாடிய பாடல் இப்படித்தான் வாசலில் நின்றது. படத்தோடு பாடல் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்கும் முறை அது. ரயில் நிலையத்தில் ஆட்டமும் ஓட்டமுமாக வரும் 'ஜெய் ஹோ'வுக்கு அது பாதகமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. 2012இல் இதே விதியால் இரண்டே பாடல்கள் தேறின. கேலி தாங்காமல் விதியையே எடுத்துவிட்டார்கள்.

இனி இறுதிச் சுற்று. பரிந்துரை முடிந்ததும் பிரிவுச் சுவர்கள் இடிகின்றன. ஒலிக்கலைஞர் நடிகைக்கு ஓட்டுப் போடலாம், நடிகை சிகையலங்காரத்துக்குப் போடலாம். சிறந்த படம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நம் சட்டமன்றத் தேர்தல் மாதிரிதான்: யாருக்கு ஒரு ஓட்டு அதிகமோ அவர் ஜெயித்தார். ஐந்து பேர் போட்டியில் கால்பங்கு ஓட்டுக்குக் கொஞ்சம் மேல் வாங்கியவர்கூட வெல்லலாம். எத்தனை ஓட்டு என்பதை அகாடமி வெளியிடுவதில்லை. சமமாக வந்தால் மட்டும் மறைக்க முடியாது. 1969இல் கேதரின் ஹெப்பர்னும் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டும் சரிசமமாக வந்தார்கள். ஸ்ட்ரைசாண்டுக்கு அது முதல் படம். ஆனால் படம் வெளிவருவதற்கு முன்பே விதிவிலக்காக அகாடமி உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருந்தார். தனக்குத்தானே ஓட்டுப் போட்டிருந்தால், அந்த ஒரு ஓட்டு இல்லாமல் அவர் தோற்றிருப்பார்.

சிறந்த படத்துக்கு மட்டும் வேறு முறை. அதன் காரணகர்த்தா பேட்மேன். 2009 ஜனவரியில் பேட்மேன் படமான 'தி டார்க் நைட்' ஐந்து படப் பட்டியலில் இடம்பெறாமல் போனதும் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே பட்டியலைப் பத்தாக்கினார்கள். பத்து படம் போட்டியிட்டால் பதினைந்து சதவீத ஓட்டோடு ஒரு படம் ஜெயித்துவிடுமே என்ற பயம் வந்தது. அதனால் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் தேவையான ஓட்டு வராமல், இரண்டாம் விருப்ப ஓட்டுகளில் வி.வி. கிரி ஜெயித்தாரே, அதே முறை.

எண்ணும் அறைக்குள் நடப்பது இது. பத்துப் படங்களுக்குப் பத்துக் கட்டுகள். எவருடைய சீட்டில் எந்தப் படம் முதலில் இருக்கிறதோ அந்தக் கட்டில் சீட்டு போய்ச் சேரும். பாதிக்கு மேல் யாருக்கும் இல்லையென்றால் மிகச் சிறிய கட்டைக் கலைத்து, அந்தச் சீட்டுகளில் அடுத்து எழுதியிருக்கும் படத்துக்குப் பிரித்துப் போடுவார்கள். மறுபடி சிறிய கட்டு, மறுபடி கலைப்பு. ஒரு கற்பனைக் கணக்கு: ஆயிரம் சீட்டு, மூன்று படம் மிஞ்சியிருக்கின்றன. அ-வுக்கு 400, ஆ-வுக்கு 330, இ-க்கு 270. இ விழுகிறது. அந்த 270 பேரில் 200 பேர் அடுத்ததாக ஆ-வை எழுதியிருக்கிறார்கள், 70 பேர் அ-வை. இப்போது அ 470, ஆ 530. முன்னணியில் நின்ற படம் தோற்றது. அதிகம் பேர் அதை முதலாவதாக எழுதினார்கள் என்றாலும், மிச்சமிருந்தவர்கள் அதைக் கீழே தள்ளியிருந்தார்கள்.

'தி பவர் ஆஃப் தி டாக்' குளிர்ந்த, கடினமான படம். போற்றியவர்கள் தலையில் வைத்துப் போற்றினார்கள். பிடிக்காதவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 'கோடா'வைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் எல்லாரும் அதை முதலிடத்தில் வைத்திருப்பார்கள் என்பதில்லை. ஆனால் அதைக் கடைசியில் எழுத யாருக்கு மனம் வரும்? ஓட்டு விவரம் பூட்டிய அலமாரியில் இருப்பதால் இது ஊகம்தான். வலுவான ஊகம். 2019இல் 'ரோமா'வை 'கிரீன் புக்' வென்றதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். அதற்காக இந்த முறை எப்போதும் மிதமான படத்தைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று முடிவுகட்டவும் முடியாது. 2010இல் 'அவதார்' படத்துக்கு எதிராக 'தி ஹர்ட் லாக்கர்', 2017இல் 'மூன்லைட்', 2020இல் 'பாரசைட்' ஆகியவை வென்றதும் இதே எண்ணிக்கையில்தான்.

பிரசாரக்காரர்கள் இந்தச் சூட்சுமத்தை எப்போதோ பிடித்துவிட்டார்கள். ஜனவரியில் "எங்களை முதலில் எழுதுங்கள்" என்று கெஞ்சுகிறவர்கள் பிப்ரவரியில் குரலை மாற்றுகிறார்கள்: "உங்களுக்குப் பிடித்த படம் வேறாக இருக்கலாம், பரவாயில்லை, எங்களை இரண்டாவதாகப் போடுங்கள்." ஆகவே எந்தப் படத்தையும் பகைத்துக்கொள்ளக் கூடாது. 'தி ஹர்ட் லாக்கர்' தயாரிப்பாளர்களில் ஒருவரான நிக்கோலா ஷார்த்தியே இது புரியாமல், பெரும்பணம் கொட்டி எடுத்த அந்த இன்னொரு படத்துக்குப் போடாதீர்கள் என்ற தொனியில் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். விழாவுக்கு வரக் கூடாது என்று தடை. படம் ஜெயித்தது, அவர் மட்டும் அரங்கில் இல்லை.

ஓட்டுக் கேட்கும் கலையில் கோமாளித்தனத்தின் உச்சம் 1961. 'தி அலமோ' படத்துக்காகத் துணைநடிகர் பட்டியலில் இடம்பெற்ற சில் வில்ஸ், அகாடமி உறுப்பினர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டு, ஜெயித்தாலும் தோற்றாலும் நீங்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள் என்று விளம்பரம் கொடுத்தார். நகைச்சுவை நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸ் பதில் விளம்பரம் கொடுத்தார்: உங்கள் உறவினனாக இருப்பதில் மகிழ்ச்சி, ஆனால் என் ஓட்டு சால் மினியோவுக்கு. வென்றது இருவருமில்லை, பீட்டர் உஸ்தினோவ். இதைத் தொழிலாக மாற்றியவர் மிராமாக்ஸின் ஹார்வி வைன்ஸ்டீன். 1999இல் 'சேவிங் ப்ரைவேட் ரயன்' கையில் இருந்த விருதை 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' தட்டிச்சென்றதற்கு அவருடைய இடைவிடாத பிரசாரமே காரணம் என்பது ஹாலிவுட்டின் ஒருமித்த பேச்சு. பாலியல் குற்றச்சாட்டுகளால் 2017இல் அகாடமி அவரை வெளியேற்றியது. அவர் வகுத்த பிரசாரப் பாணி போகவில்லை.

அனுதாபத்துக்கும் ஓட்டு உண்டு. 1961இல் நிமோனியாவால் சாவின் விளிம்புவரை போய், தொண்டையில் அறுவை செய்த தழும்போடு வந்த எலிசபெத் டெய்லருக்கு 'பட்டர்ஃபீல்ட் 8' படத்துக்காக விருது கிடைத்தது. அந்தப் படம் அவருக்கே பிடிக்காது. 'இத்தனை நாள் கொடுக்காமல் விட்டோமே' என்ற குற்றவுணர்வில் விழும் ஓட்டுகளின் கணக்கைத் தனியாகவே எழுதலாம்: பால் நியூமன், அல் பசினோ, மார்ட்டின் ஸ்கார்சேசி. மூவருக்கும் கிடைத்தது அவர்களுடைய மிகச் சிறந்த படத்துக்காக அல்ல.

இவர்கள் படங்களைப் பார்க்கிறார்களா? 2014இல் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' வென்ற பிறகு, இரண்டு உறுப்பினர்கள் படத்தைப் பார்க்காமலே அதற்கு ஓட்டுப் போட்டதாக ஒப்புக்கொண்டதை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் வெளியிட்டது. பார்க்கக் கொடூரமாக இருக்கும் என்று பயந்தார்களாம். சமூக முக்கியத்துவம் கருதி ஓட்டுப் போட்டார்களாம். நல்ல எண்ணம்தான், ஆனால் நடுவர் செய்யும் வேலையா? 2025 ஏப்ரலில் அகாடமி ஒருவழியாக விதி போட்டது: ஒரு விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அந்த விருதுக்கு இறுதி ஓட்டுப் போடலாம். அகாடமியின் இணையத் திரையிடல் தளத்தில் பார்த்தால் பதிவாகிவிடும். வெளியே பார்த்திருந்தால் எங்கே, எப்போது என்று படிவம் நிரப்ப வேண்டும். படம் ஓடிக்கொண்டிருக்க உறுப்பினர் சமையலறையில் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் விதி இல்லை.

ஓட்டுப் போடுகிறவர் யார் என்பதும் மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் ஐந்து நடுவர்கள் அடைத்த அறையில் முடிவெடுத்தார்கள். இரண்டாம் விழாவுக்கு முன் மேரி பிக்ஃபோர்ட் அந்த நடுவர்களைத் தம் மாளிகைக்குத் தேநீருக்கு அழைத்தார், விருதும் வாங்கினார். அதனால் எழுந்த முணுமுணுப்பில்தான் ஓட்டுரிமை எல்லா உறுப்பினர்களுக்கும் விரிந்தது. 2012இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நடத்திய ஆய்வில் உறுப்பினர்களில் 94 சதவீதம் வெள்ளையர், 77 சதவீதம் ஆண்கள், வயதின் இடைநிலை 62. 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான இருபது இடங்களிலும் வெள்ளையரே நிரம்பியபோது எழுந்த எதிர்ப்பில் அகாடமி கதவைத் திறந்தது. 2018இல் மட்டும் 928 பேருக்கு அழைப்பு. இன்று ஓட்டுரிமை உள்ளவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். அவர்களில் கணிசமானோர் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்கள். 'பாரசைட்' வென்றதை இந்த மாற்றத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 2022இல் சூர்யாவுக்கும் 2023இல் மணிரத்னத்துக்கும் 2025இல் கமல்ஹாசனுக்கும் அழைப்பு வந்தது.

இந்தியாவிலிருந்து போகும் படத்தின் பாதை இந்தக் கணக்குகளுக்கெல்லாம் முன்பே ஒரு சந்தில் திரும்புகிறது. வேற்றுமொழிப் பட விருதுக்கு ஒரு நாடு ஒரே படத்தைத்தான் அனுப்பலாம். அதைத் தேர்ந்தெடுப்பது ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. இதுவரை இறுதிப் பட்டியலைத் தொட்டவை மூன்று: 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'. 2022இல் ஃபெடரேஷன் 'செல்லோ ஷோ' என்ற குஜராத்திப் படத்தை அனுப்பியது. 'ஆர்ஆர்ஆர்' படக்குழு சோர்ந்து உட்காரவில்லை. அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிய படம் பொதுப் பிரிவுகளில் யாருடைய சிபாரிசும் இல்லாமல் போட்டியிடலாம். இசைப் பிரிவினரிடம் நேராகப் போனார்கள்; 'நாட்டு நாட்டு' வென்றது. அதே இரவில் முதுமலை தெப்பக்காடு முகாமில், ரகு என்ற குட்டி யானையை வளர்த்த காட்டுநாயக்கர் தம்பதியைப் பற்றித் தமிழில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்பட விருதை வென்றது. அதற்கும் ஃபெடரேஷனின் முத்திரை தேவைப்படவில்லை.

தமிழிலிருந்து ஃபெடரேஷன் வழியாகப் போன முதல் படம் 1969இன் 'தெய்வமகன்'. பிறகு 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஜீன்ஸ்', இந்தியிலும் எடுக்கப்பட்ட 'ஹே ராம்', 'விசாரணை', 'கூழாங்கல்'. ஒன்றும் ஐந்துக்குள் வரவில்லை. இந்த வரிசையில் பாதிப் படங்களில் கமல் நடித்திருக்கிறார். இப்போது அவர் கையிலேயே சீட்டு இருக்கிறது. நடிப்புக்கான பட்டியலில் ஐந்து பேரை அவர் வரிசைப்படுத்தலாம், பத்துப் படங்களுக்கு இடம் எழுதலாம், இறுதிச் சுற்றில் பார்த்து முடித்த எல்லா விருதுக்கும் ஓட்டுப் போடலாம். அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து எந்தப் படம் போக வேண்டும் என்பதில் அந்தச் சீட்டு செல்லாது. அதை முடிவு செய்வது ஃபெடரேஷன் அமைக்கும் ஒரு சிறு குழு. அங்கே நடப்பது விருப்ப வரிசையா, சராசரியா, கையுயர்த்தலா என்று நம் தயாரிப்பாளர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.